திரும்பிப் பார்க்காதவள்

ஒலிபெருக்கியில் பேசுகிறவன் உரக்கப் பேசக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்துக்கொண்டு, எதிரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அவரிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். வண்டி எண்ணுக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம். நடைமேடை எண்ணுக்கு முன்னால் இன்னொன்று. எதையும் இரண்டு முறை. பதினாறு வருடமாக நான் இந்த ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். என் குரலைக் கேட்டு வண்டி பிடிக்க ஓடியவர்கள் உண்டு. பயந்தவர்கள் யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மூன்றாம் தடத்தில் சரக்குப் பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளப்போகிறார்கள் என்ற சீட்டு என் மேசைக்கு வந்தது காலை பத்து முப்பத்தேழுக்கு. அதை ஒலிபெருக்கியில் சொன்னதாக நான் எழுதியிருப்பது பத்து நாற்பத்திரண்டுக்கு. இடையில் ஐந்து நிமிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். இந்த ஒன்பது நாளில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்கியிருப்பார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தச் சாட்சித் தாளில் நான் கையெழுத்துப் போடலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடி போடுகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு சின்ன அளவுகோலால் அளப்பார்களே, அந்த வேலை. வந்தவர் முக்காலியில் உட்கார வேண்டும். அவள் எதிரில் உட்கார்ந்து, அளவுகோலை அவர் மூக்கின்மேல் வைத்து, "என் கண்ணப் பாருங்க, ஆடாம" என்பாள். முதலில் இவளுடைய இடது கண்ணை, பிறகு வலது கண்ணை அவர் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஃபிரேமை மாட்டி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டு, கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு இருபது பேர்.

எனக்கும் அப்படித்தான் அளந்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் கண்ணப் பாருங்க என்று ஒரு பெண் என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. ரசீதை வாங்கிக்கொண்டு கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து இருந்த தடித்த மனிதரிடம் அதே வார்த்தையை, அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் கல்யாணம் செய்துகொண்டேன். நெருங்கிப் பழகினால் இந்த மாதிரி சின்ன விஷயங்கள் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சரியாகவில்லை. கடையில் மட்டும் என்றால் வேலை என்று விட்டுவிடலாம். அவளுக்கு வெளியிலும் கை சும்மா இருக்காது. பேருந்தில், வரிசையில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், முன்பின் தெரியாத ஒருவர் கண்ணாடியைக் கோணலாகப் போட்டிருந்தால் போதும், இவளுக்கு இருப்புக்கொள்ளாது. கைப்பையில் ஒரு குட்டித் திருப்புளி வைத்திருந்தாள். "ஒரு நிமிஷம் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, இரண்டு திருகு திருகி, துடைத்து, அவர் முகத்தில் இவளே மாட்டிவிடுவாள். மாட்டியதும் நேராக இருக்கிறதா என்று பார்க்க, அவர் முகத்துக்கு எதிரே தன் முகத்தைக் கொண்டுபோவாள். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"கோணலாப் போட்டுட்டு, உலகமே கோணலா இருக்குன்னு நெனச்சிட்டிருக்காங்க பாவம். ரெண்டு திருகுதான். இதக்கூடச் செய்யலைன்னா, ராத்திரி கடவுள்கிட்ட எந்த முகத்தோட போய் நிக்கறது, சொல்லுங்க?"

அவளுடைய அண்ணன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், வாய் ஓயாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ள, இவளக் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள புதுசா நாலு சொந்தக்காரங்க சேர்ந்துடுவாங்க. வீட்ல நாற்காலி போதுமான்னு இப்பவே பாத்துக்கோங்க." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று கடைத்தெருவில் அவள் ஐந்து பேரிடம் பேசியிருந்தாள். மூன்று பேர் ஆண்கள்.

தெரியாதவர்கள் எல்லோரும் தங்கம் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள். உங்கள் வேலையில் பார்க்காததா. பேருந்தில் ஒட்டிக்கொண்டு நிற்பவன், வழி கேட்கிற சாக்கில் கூடவே நடப்பவன், பதில் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு ஊர், பேர், கைபேசி எண் என்று கேட்டுக்கொண்டே போகிறவன், எல்லோரும் இருக்கிறார்கள். அவளுக்கும் அப்படி இரண்டொரு தடவை நடந்தது. ஒருவன் கடை வாசலில் ஒரு வாரம் காத்து நின்றான். அவள் முதலாளியிடம் சொல்லி, முதலாளி வெளியே வந்து ஒரு பார்வை பார்த்ததும் போய்விட்டான். அவளுக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குச் சில எச்சரிக்கை வரிகள் எழுதித் தரச் சொன்னார். எழுதி, நானே பேசிப் பதிவு செய்தேன். மணிக்கு ஒருமுறை ஒலிக்கும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வெளியில் இத்தனை பேருக்குச் சொல்கிறோம், வீட்டில் இருப்பவளுக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்காதே. சிரிப்பைத்தான் அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். யாராவது வழி கேட்டால் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடு. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதே, நடையைக் கூட்டு. நிலையத்திலோ கடைத்தெருவிலோ யாராவது தொடர்ந்தால் கேமரா இருக்கும் பக்கம் போ, கேமராவைப் பார்த்துக்கொண்டே நட. பயப்பட ஒன்றுமில்லை, யாரோ ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவள் தலை துவட்டிக்கொண்டே படித்தாள். "ஏங்க, இதுல மூச்சு விடலாமா கூடாதான்னு எழுதலையே" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் தாளை எடுக்கவில்லை.

எழுதி ஒட்டுவது ஒன்று, நடக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்கு அப்போது புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருந்தார். பொட்டலம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அவர் என் மனைவியைப் பார்த்ததில்லை, அவளும் அவரைப் பார்த்ததில்லை. சாயங்காலம் அவள் நிற்கும் பேருந்து நிறுத்தத்தைச் சொல்லி, போய் நேரம் கேட்டுப் பாருங்கள் என்றேன். விளையாட்டு என்று நினைத்துப் போனார். மறுநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "உங்க வீட்டம்மா தங்கமானவங்க சார். நேரமும் சொன்னாங்க, என் கடிகாரம் ஓடலைன்னதும் எங்க குடுத்தா நல்லாப் பாப்பாங்கன்னும் சொன்னாங்க. என் கண்ணாடியையும் தொடச்சுக் குடுத்தாங்க."

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டாள். தாளைப் படி என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் படித்தாள்.

இரண்டாவதாக, சுமை தூக்குகிற ஒருவரை அனுப்பினேன். அவள் பக்கத்தில் கைக்குட்டையைத் தவறவிட்டுவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் எடுக்கவில்லை, கூப்பிடவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று வந்து சொன்னார். அன்று அவளுக்குப் பூ வாங்கிப் போனேன். எதற்கு என்று கேட்டாள், சும்மா என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருமுறை சரியாகச் செய்தால் அது பழக்கம் ஆகாது. மூன்றாவதுக்குப் பொட்டலத்திடம் கேட்டபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் சார். கண்ணுல படறவங்களப் பாத்தெல்லாம் பயப்படற மாதிரி அவங்கள ஆக்கிட்டா, நாளைக்கு வழியில மயங்கி விழுந்தா யார் சார் தண்ணி தெளிப்பாங்க? நீங்களா? நீங்க இங்கல்ல உக்காந்திருப்பீங்க." நல்லவர்தான். பார்சல் கட்டுகிறவருக்கு அந்த அளவுக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

வண்டிகளில் பொம்மை விற்கும் ஒருவன் ஒப்புக்கொண்டான். கடையிலிருந்து எங்கள் தெரு முனைவரை பின்னாலேயே போக வேண்டும், "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட வேண்டும். கிட்டே போகக் கூடாது, கை படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த மாதிரிக் காரியங்களை நான் அனுமதிக்கிறவன் இல்லை. நான்கு சாயங்காலம் போனான். முதல் மூன்று நாளும் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. நான்காம் நாள் ஓடிவந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெந்நீர் வைத்து அவள் காலைக் கழுவிவிட்டேன். போலீசில் சொல்லலாமா என்று கேட்டாள். நான்தான் இருக்கேனே என்றேன்.

கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் அன்று சாயங்காலம் போல நாங்கள் நெருக்கமாக இருந்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வருடம் நல்ல வருடம். திருப்புளி மேசை இழுப்பறைக்குள் போயிற்று. பேருந்தில் குனிந்த தலை நிமிராமல் வந்தாள். கூடப் போகும்போது எதிரே யார் வந்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் தனியாக இருக்க மட்டும் பயந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அவள் அண்ணன் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் கேலி எதுவும் செய்யாமல் என்னைப் பார்த்து, "என்ன மாப்பிள்ள, எந்தங்கச்சி ஊமையாயிட்டா?" என்று கேட்டார். பொறுப்பு வந்துவிட்டது என்றேன்.

இனி அந்த நாள்.

என் அறையில் நான்கு திரைகள். முதலாவது டிக்கெட் வரிசை. இரண்டாவதும் மூன்றாவதும் நடைமேடைகள். நான்காவது கேமரா வெளியே, நடைமேடை முடிகிற இடத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் இருக்கிறது. அங்கே சரிவாக இறங்கி மூன்றாம் தடத்தைக் கடந்தால் பின்வாசலுக்குப் போய்விடலாம். பாதி நிலையம் அந்த வழியில்தான் போகும். அதனால்தான் அந்தச் சீட்டு. பெட்டிகளைப் பின்னோக்கித் தள்ளும்போது எஞ்சின் கடைசியில் இருக்கும். முன்னால் வருகிற பெட்டிக்கு ஊதலும் இல்லை, விளக்கும் இல்லை, சத்தமும் குறைவு. நான் சொல்லியிருப்பேன், ஆட்கள் விலகியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் சொல்லாமல் விட்டதில்லை.

பத்து இருபதுக்கு அவள் இரண்டாம் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கடையில் இருக்க வேண்டிய நேரம். என்னிடம் சொல்லவில்லை. கையில் பை இல்லை, பயணம் போகிறவள் மாதிரியும் இல்லை. யாருக்காகவோ காத்திருக்கிறவள் போல இருந்தாள். நான் பத்து இருபத்தைந்து வண்டிக்கு அறிவிப்புச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். யார் வருகிறார் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வந்தார். பத்து முப்பத்தைந்துக்கு ஒரு ஆள் அந்தப் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார். அந்தக் கேமரா உயரத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது தொப்பியும் தோளும்தான். கேமராக்களில் ஒலி கிடையாது. அவள் முதலில் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. அந்த ஆள் தன் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் கம்பியின் முனையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, வெறும் விரலால் வளைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து அவர் முகத்தில் மாட்டினாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். முகத்துக்கு எதிரே முகத்தைக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் சீட்டு வந்தது. வாங்கி, கையெழுத்துப் போட்டு, மேசையில் வைத்தேன். திரும்பினேன். அந்த ஆள் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு வருடமாக நான் அதைப் பார்க்கவில்லை. அவள் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் தற்செயலாக நிமிர்ந்தாள். கேமரா கண்ணில் பட்டது. யார் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உடனே எழுந்தாள். அந்த ஆளிடம் ஒன்றும் சொல்லாமல் நடைமேடையின் கோடிக்கு நடந்தாள், நான்காவது கேமரா இருக்கும் பக்கம். தாளில் எழுதியிருந்ததை அப்படியே செய்தாள்.

நான் மைக்கைக் கிட்டே இழுத்து வைத்தேன். சீட்டு எதிரில் இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. மணி பத்து நாற்பது. அந்த ஆளும் எழுந்தார். பெட்டிகள் வரும் திசையில் ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தார், பிறகு ஓடினார். என்னால் அப்போது சொல்லியிருக்க முடியும். ஒரே ஒரு வாக்கியம். என் குரல் கேட்டால் நிலையமே நிமிர்ந்து பார்க்கும், அவளும் நின்றிருப்பாள். ஆனால் அவள் நின்றுவிட்டால் எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விடும். இத்தனை சிரித்துப் பேசிய பிறகு, அந்த ஆள் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவாளா மாட்டாளா? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம் வேண்டியிருந்தது. பெட்டிகள் நகரத் தொடங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். மறக்கவில்லை.

நான்காம் திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னால் அந்த ஆளின் வாய் திறந்திருந்தது, கை நீண்டிருந்தது. அவர் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. தோள் ஒருமுறை ஒடுங்கியதை நான் பார்த்தேன். திரும்பவில்லை. நடையைக் கூட்டினாள். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், தலையை லேசாக ஆட்டினாள். நான் திரும்பலை, பாருங்க, என்பதுபோல இருந்தது. அப்படியே சரிவில் இறங்கினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு திரையில் பழுப்பாக ஒரு சுவர் போய்க்கொண்டிருந்தது. பதினொரு பெட்டிகள். போய் முடிந்ததும் பொத்தானை அழுத்தி, மூன்றாம் தடத்தில் பெட்டிகள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன, பயணிகள் கடக்க வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு முறை. குரல் நடுங்கவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணைத் துரத்தி ரயிலில் தள்ளிவிட்டான் என்று நடைமேடையில் இருந்தவர்கள் அந்த ஆளைப் பிடித்து அடித்தார்கள். அவள் சரிசெய்து கொடுத்த கண்ணாடி அங்கேயே உடைந்தது. உங்கள் ஆட்கள் வந்து பதிவை ஓட்டிக் காட்டியபோது, துரத்துகிறானா என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம், துரத்துகிறான் என்றேன். பார்க்க அப்படித்தான் இருந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது, வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர், மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த மகள் ஒன்பது நாளாக அவரைப் பார்க்க வரவில்லை என்று நீங்கள் இன்று சொன்னீர்கள். நான் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவர் வெளியே வர எத்தனை வருடம் ஆகும் என்பதையும் சொன்னீர்கள்.

அவர் கொடுத்த வாக்குமூலத்தையும் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அது உங்கள் நல்ல மனசு. அவள்தான் முதலில் பேசினாளாம். "ஐயா, கண்ணாடி ஒரு பக்கம் எறங்கியிருக்கு, சரி பண்ணித் தரட்டா" என்று கேட்டாளாம். எந்த ஊருக்கு அம்மாடி போறே என்று இவர் கேட்டாராம்.

"எங்கயும் போகலைங்க. கடையில கரண்டு இல்லைன்னு அனுப்பிட்டாங்க. வீட்ல தனியா இருக்கப் பயமா இருக்கு. இங்க வந்து உக்காந்தா எங்க வீட்டுக்காரர் குரல் கேட்டுக்கிட்டே இருக்கும். அவர்தான் மைக்குல பேசறவர்."

"வீட்டுக்காரர் குரலக் கேக்கறதுக்கா நடைமேடை டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கே? எங்க வீட்டம்மா என் குரல் கேட்டா வாசல் பக்கமா ஓடுவா."

அதற்குத்தான் அவள் சிரித்தாளாம்.

அவள் போன பிறகு, மாட்டிய கண்ணாடியில் தூரத்தில் இருப்பது எப்படித் தெரிகிறது என்று பார்த்தாராம். பெட்டிகள் வருவது தெரிந்ததாம். அம்மாடி, நில்லு, வண்டி வருது என்று கத்திக்கொண்டே ஓடினாராம். இன்னும் நான்கு எட்டு இருந்தது, பிடித்திருப்பேன், வயசு ஒத்துழைக்கவில்லை என்று உங்களிடம் அழுதாராம். வெளியே விட்டால் முதலில் என்னை வந்து பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாராம்.

அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். பெட்டிகள் வருவது எனக்குத் தெரியும். மைக் என் கையில் இருந்தது. அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பதற்காக நான் பேசாமல் இருந்தேன். பொம்மை விற்றவனை அனுப்பியதும் நான்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். பெரியவரை இன்றே விட்டுவிடுங்கள். அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அவள் அண்ணனிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் என்னைப் பார்க்க வர வேண்டாம். என் குரலைக் கேட்க வந்ததாக அவள் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டில் தினமும் நான்தானே பேசிக்கொண்டிருந்தேன், அதைக் கேட்க ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? பெண்டாட்டியை இழந்தவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அவளைச் சிரிக்கவைத்ததை மன்னிக்கத்தான் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.